“நீ ஏன் அங்கே இருந்தாய்?” என்று மகளிடம் கேட்டுவிட்ட ஒரு தாய்க்கு

வாசகர் கடிதம்:

என் மகளுக்கு 23 வயது. பி.காம். முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில், மெர்ச்சண்டைசிங் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். அவளுடைய மேலாளருக்கு என் கணவர் வயது இருக்கும். சில மாதங்களாக அவர் இரவு நேரத்தில் வேலைக்குச் சம்பந்தமில்லாத செய்திகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவந்திருக்கிறார். ஏழு வாரங்களுக்கு முன், ஷிப்மெண்ட் அவசரம் என்று எல்லோரையும் இருக்கச் சொன்ன ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு மேல், சாம்பிள் ரூமில் அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தகாத முறையில் நடந்துகொண்டார். யாரோ வரும் சத்தம் கேட்டு விலகிவிட்டார்.

அவள் வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னபோது நான் முதலில் கேட்டது, “எட்டு மணி வரைக்கும் நீ ஏன் அங்கே இருந்தாய்? அவனிடம் சிரித்துப் பேசினாயா?” என்பதுதான். அன்றிலிருந்து அவள் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் அப்பா, “கத்தியிருந்தால் நாலு பேர் வந்திருப்பார்களே” என்கிறார்; வேலையை விடச் சொல்லிவிட்டு, பேச்சு வெளியே போவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று நிற்கிறார். என் நாத்தனார், துப்பட்டா போடாமல் போனதைச் சொல்லிக்காட்டி, “சேலை முள்ளில் பட்டாலும் முள் சேலையில் பட்டாலும் கிழிவது சேலைதான்” என்றார். நிறுவனத்தில் ஹெச்.ஆர். பார்க்கும் அம்மாவும், “கொஞ்சம் அனுசரித்துப் போம்மா” என்று சொல்லியிருக்கிறார். உண்மையிலேயே என் மகளிடமும் கொஞ்சம் தவறு இருக்கிறதா? புகார் கொடுத்தால் அவள் வாழ்க்கை என்ன ஆகும்?

— ஒரு தாய், திருப்பூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளிடம் தவறு எதுவும் இல்லை. கொஞ்சமும் இல்லை. மேலாளர் இருக்கச் சொன்னதால் இருந்தாள். வேலை அந்த அறையில் இருந்ததால் அந்த அறைக்குப் போனாள். குற்றம் செய்யத் தீர்மானித்தவரும் அதைச் செய்தவரும் ஒரே ஒருவர்தான். சட்டம் அப்படித்தான் சொல்கிறது; கோவை மகளிர் நீதிமன்றத்திலும், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க நிறுவனங்களுக்குள் இருக்கும் உள்ளகப் புகார்க் குழுக்களிலும் இத்தகைய வழக்குகளோடு நெடுங்காலமாகப் பழகிவரும் வழக்கறிஞர் என்ற முறையில் நானும் அதையே சொல்கிறேன்.

சட்ட வழிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன், உங்களுக்கும் மகளுக்கும் இடையில் விழுந்திருக்கும் அந்த மௌனத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் மற்ற எல்லா வழிகளும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னிடம் வரும் பெண்கள் தங்களுக்கு நடந்ததைச் சொல்லும்போது பெரும்பாலும் குரல் உடையாமல், தேதி, நேரம், இடம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். வீட்டில் சொன்னபோது என்ன நடந்தது என்ற இடத்துக்கு வரும்போதுதான் பேச்சு நின்றுவிடும். அந்தக் குற்றத்தைச் செய்தவன் வெளியாள். அவனிடமிருந்து அவர்கள் நியாயத்தை எதிர்பார்க்கவில்லை. அம்மாவிடம் எதிர்பார்த்தார்கள். உங்கள் மகள் அன்று இரவு வீட்டுக்கு வந்து மறைக்காமல் சொன்னாள் என்பதே, உங்கள் மீது அவளுக்கு இருந்த நம்பிக்கையைக் காட்டுகிறது. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு உள்ளான பெண்களில் 14 சதவீதத்தினர் மட்டுமே எங்காவது உதவி கேட்டிருக்கிறார்கள். நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உங்கள் மகள் சொன்னாள். அவளுக்கு முதலில் கிடைத்த பதில்தான் ஒரு கேள்வியாகப் போய்விட்டது.

அந்தக் கேள்வி உங்கள் வாயில் ஏன் வந்தது என்று நினைத்து நீங்கள் வேதனைப்படுவது கடிதத்தில் தெரிகிறது. அன்பில்லாத தாய் என்பதால் அது வரவில்லை. மெல்வின் லெர்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966-இல் தம் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அதில் கல்லூரி மாணவிகளை உட்காரவைத்து, இன்னொரு பெண் கேள்விகளுக்குத் தவறாகப் பதில் சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சிக்கு உள்ளாவதைப் பார்க்கச் செய்தார்கள். அதிர்ச்சி பொய், அது நடிப்பு. பார்த்தவர்களுக்கு அது தெரியாது. அந்தப் பெண்ணின் துன்பத்தை நிறுத்த வழி இருந்தபோது அவள்மேல் இரக்கம் காட்டியவர்கள், வழியே இல்லாமல் அவள் தொடர்ந்து துன்பப்படுவதைப் பார்க்க நேர்ந்தபோது, அவளைப் பற்றித் தாழ்வாக மதிப்பிடத் தொடங்கினார்கள். காரணமே இல்லாமல் ஒருத்தி அடிபடுகிறாள் என்றால் நாளைக்கு நாமும் அப்படி அடிபடலாம் என்று ஆகிவிடும். அந்தப் பயத்தைத் தாங்க முடியாத மனம், அடிபட்டவளிடமே ஒரு காரணத்தைத் தேடி எடுக்கிறது. “எட்டு மணி வரைக்கும் ஏன் இருந்தாய்” என்று நீங்கள் கேட்டபோது, ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால் என் பிள்ளைக்கு இது நடந்திருக்காது என்று நம்ப விரும்பினீர்கள். தாயின் ஆசை அது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த மகளின் காதில் அது தீர்ப்பாக விழுந்தது.

ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால் நடந்திருக்காது என்பதும் உண்மையில்லை. அந்த மனிதர் சில மாதங்களாகவே செய்தி அனுப்பி, அவள் என்ன செய்கிறாள், யாரிடம் சொல்கிறாள் என்று ஆழம் பார்த்துவந்திருக்கிறார். இரவு பத்து மணிக்கு “சாப்பிட்டாச்சா” என்று ஒரு செய்தி. அதற்கு மரியாதைக்கு ஒரு பதில் வந்தால் அடுத்த வாரம் “இன்றைக்கு அந்த டிரெஸ் நன்றாக இருந்தது”. அதற்கு எதிர்ப்பு வராவிட்டால் அடுத்தது. இந்த வரிசையை நான் பல கைபேசிகளில் பார்த்துவிட்டேன். ஆட்கள்தான் வேறு, வரிசை ஒன்றேதான். ஷிப்மெண்ட் அவசரம் வராமல் போயிருந்தால், ஃபேக்டரி விசிட்டோ பையர் மீட்டிங்கோ அவருக்குக் கிடைத்திருக்கும். வன்புணர்வு வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்லிவருகின்றன. இருட்டையும் தெருவையும் அன்னியரையும் காட்டிப் பெண் பிள்ளைகளை எச்சரித்து வளர்க்கும் நாம், மாமாவையும் ஆசிரியரையும் மேலாளரையும் பற்றி வாயே திறப்பதில்லை. ஆபத்து நிகழ்வதோ பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான்.

“சிரித்துப் பேசினாயா” என்ற கேள்வியைப் புகார்க் குழு அறைக்குள்ளேயே பிறர் கேட்கக் கேட்டிருக்கிறேன். நான் வெளி உறுப்பினராக இருந்த ஒரு விசாரணையில், புகார் கொடுத்த பெண்ணின் வாட்ஸ்அப் உரையாடலை அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தார்கள். குழு உறுப்பினர் ஒருவர் பேனாவால் ஓர் இடத்தைத் தட்டி, “இங்கே நீங்களும் சிரிக்கிற பொம்மை அனுப்பியிருக்கிறீர்களே” என்றார். அந்தப் பெண் சற்று நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எனக்கு இன்கிரிமெண்ட் போடுவது அவர்தான் மேடம்” என்றாள். அதற்கு மேல் அவள் எதுவும் விளக்கவில்லை; விளக்க வேண்டிய அவசியமும் இல்லை. மேலதிகாரியிடம் சிரித்துப் பேசுவது வேலையின் ஒரு பகுதி. ஆண் ஊழியர்களும் அதே மேலாளரிடம் சிரித்துத்தான் பேசுகிறார்கள். அவர்களை யாரும் சாம்பிள் ரூமில் கட்டிப் பிடிப்பதில்லை, அப்படி நடந்துவிட்டால் ஏன் சிரித்தாய் என்று அவர்களிடம் யாரும் கேட்கப்போவதும் இல்லை.

துப்பட்டாவைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 2007-இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், ஏதாவதொரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 53 சதவீதக் குழந்தைகள் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆண் பிள்ளைகள். அவர்கள் எந்தத் துப்பட்டாவைப் போட மறந்தார்கள் என்று உங்கள் நாத்தனாரிடம் ஒருமுறை கேளுங்கள்.

உங்கள் கணவரின் கேள்வி வேறு வகையானது. அதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். கத்தியிருக்கலாமே என்பது கேட்பவருக்கு நியாயமாகவே படும். எனவேதான் காவல் நிலையத்திலிருந்து நீதிமன்றம் வரை இந்த ஒரு கேள்வி பெண்களைத் துரத்துகிறது. பாலியல் வன்முறை நேரும் கணத்தில் உடல் உறைந்துபோவதும், குரல் எழாமல் போவதும், கை கால்கள் அசைய மறுப்பதும் மருத்துவம் அறிந்த நிலைமைகள். சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் வன்புணர்வுக்கு உள்ளாகி அவசரச் சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், 70 சதவீதத்தினர் தாக்குதலின்போது குறிப்பிடத்தக்க அளவுக்கும், ஏறத்தாழ பாதிப் பேர் மிகக் கடுமையாகவும் அவ்வாறு உறைந்துபோயிருந்தது தெரியவந்தது. அந்தப் பெண்களுக்குத் தைரியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது; அது மனத்தைக் கேட்காமல் உடல் தானாகச் செய்வது. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. கத்தாமல் போய்விட்டோமே என்று அந்தப் பெண்களே தங்களை நொந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான், வீட்டிலிருந்தும் அதே கேள்வி வந்து விழுகிறது. ஏற்கெனவே தன்னைத் தானே விசாரித்துக் களைத்துப்போன பெண்ணிடம் இரண்டாவது விசாரணையை அப்பா தொடங்கக் கூடாது என்பதை உங்கள் கணவருக்கு நீங்கள் சொல்லுங்கள். அவர் கோபம் முழுவதும் அந்த மேலாளர்மேல் இருக்க வேண்டியது. அது கைக்கு எட்டாததால், எட்டுகிற தூரத்தில் இருக்கும் மகள்மேல் இறங்கியிருக்கிறது.

இந்தக் கேள்விகளைக் கேட்டது உங்கள் குடும்பம் மட்டும் இல்லை. 1984-இல் பஞ்சாபில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த ஒரு மாணவியைக் காரில் கடத்திக்கொண்டு போய் வன்புணர்வு செய்தார்கள். அவள் உடனே கூக்குரல் எழுப்பவில்லை, திரும்பிவந்ததும் ஆசிரியைகளிடமோ தோழிகளிடமோ சொல்லவில்லை என்பதையெல்லாம் காரணமாக்கி விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்ததோடு நில்லாமல், அந்தச் சிறுமியின் நடத்தையைப் பற்றியும் இழிவாக எழுதிவைத்தது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து தண்டனை வழங்கியபோது, நீதிமன்றம் இப்படிப்பட்ட பழியைப் பெண்மேல் சுமத்தக் கூடாது என்றும், ஒரு பெண்ணின் முந்தைய வாழ்க்கை எப்படியிருந்தாலும் மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்றும், நம்பத் தகுந்ததாக இருந்தால் அவளுடைய சாட்சியம் ஒன்றே போதும் என்றும் தெளிவாகச் சொன்னது. சட்டமும் மெல்ல மாறியது. வன்புணர்வு வழக்கில் புகார் கொடுத்த பெண் “ஒழுக்கம் கெட்டவள்” என்று காட்டி அவள் சாட்சியத்தைத் தகர்க்கலாம் என்றிருந்த சாட்சியச் சட்டப் பிரிவு 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. அதுவரைக்கும் அந்தப் பிரிவு சட்டப் புத்தகத்தில் இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

பழக்கம் இன்னும் போகவில்லை என்பதற்கும் சான்றுகள் கண்முன்னே இருக்கின்றன. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி தாக்கப்பட்ட வழக்கில், அவளுடைய அடையாளங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. அந்த அறிக்கை எழுதப்பட்டிருந்த விதமே பாதிக்கப்பட்டவளைப் பழிக்க இடம் தருகிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் வழங்கச் சொன்னது. 2025 ஜூனில் குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் விடுதலையாக முடியாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தப் பெண் புகார் கொடுத்து ஆறு மாதங்கள்கூட முடியாத காலத்தில் இத்தனையும் நடந்தது.

இனி, உங்கள் கடிதத்தில் நேரடியாகக் கேட்காமல் அடியில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இதை வெளியே சொல்லாமல் விட்டால் மானம் காப்பாற்றப்படும் என்று உங்கள் வீட்டில் நினைக்கிறார்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: பெண்ணைப் பழிக்கும் நம் வழக்கம், குற்றம் நடந்த பிறகு வந்து சேரும் கூடுதல் துன்பம் மட்டும் இல்லை, குற்றம் செய்பவன் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளும் துணை அது. அந்த மேலாளர் சாம்பிள் ரூமில் கைவைத்தபோது, இவள் வெளியே சொல்ல மாட்டாள், சொன்னாலும் இவளைத்தான் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் கணக்கு தப்பவில்லை. உங்கள் வீடும் ஹெச்.ஆர். அறையும் அவர் எதிர்பார்த்தபடியே நடந்துகொண்டன.

பொள்ளாச்சியில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்த்தோம். பெண்களை நம்பவைத்து அழைத்துச் சென்று, வன்கொடுமை செய்து, அதைப் படம் எடுத்து மிரட்டிய அந்தக் கூட்டத்தின் கையில் இருந்த ஆயுதம் ஒரு கைபேசிதான். அந்தக் கைபேசிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? வீட்டுக்குத் தெரிந்தால் என்னைத்தான் கொல்வார்கள் என்று ஒவ்வொரு பெண்ணும் பயந்ததிலிருந்து வந்தது. வீட்டில் “நாங்கள் இருக்கிறோம், நீ சொல்” என்று ஒரு வார்த்தை கிடைக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்திருந்தால், முதல் மிரட்டலோடு அந்தக் கதை முடிந்திருக்கும். 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி தன் வீட்டில் சொன்னாள். குடும்பம் அவள் பக்கம் நின்று புகார் கொடுத்தது. அதற்காக அவளுடைய அண்ணன் தாக்கப்பட்டார். பாதுகாக்க வேண்டிய காவல்துறை அதிகாரியே செய்தியாளர்கள் முன் அவள் அடையாளத்தை வெளியிட்டார். அரசாணையிலும் பெயர் வந்தது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த நாட்களில் “இந்தப் பெண்களுக்கு ஏன் புத்தி போயிற்று” என்று டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் பேசியவர்களை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அத்தனையையும் தாண்டி 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சியாக மாறவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் சொன்னார். ஆறு ஆண்டுகள் அந்தப் பெண்கள் உறுதியாக நின்றதற்குப் பின்னால் யார் யார் துணை நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் மாவட்டத்துத் தொழிலிலேயே நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டு, அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் கைது செய்யப்பட்டார். அவர் தொல்லை கொடுத்துவந்தது உடன் வேலை செய்த பெண்களுக்கு முன்பே தெரிந்திருந்தது; சொன்னால் வேலை போகும், பெயர் கெடும் என்று இருந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் ஒன்று போராடி, 2022 ஏப்ரலில் நிறுவனத்தோடும் வெளிநாட்டு ஆடை விற்பனையாளர்களோடும் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று இன்று அறியப்படும் உடன்படிக்கையைச் செய்துகொண்டது. தையல் வரிசையில் இருக்கும் பெண்களே பயிற்சி பெற்றுக் கண்காணிப்பதும், புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. அனுசரித்துப் போகச் சொல்லும் ஹெச்.ஆர். அம்மாவுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய சட்டத்தைப் பற்றி இப்போது சொல்கிறேன். ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமத்தில் அரசுத் திட்டப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி, ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992-இல் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டார். ஊர் அவரைத்தான் ஒதுக்கிவைத்தது. 1995-இல் விசாரணை நீதிமன்றம் வன்புணர்வுக் குற்றச்சாட்டிலிருந்து எல்லோரையும் விடுவித்தது. ஆனால் அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. அவருக்கு நேர்ந்ததை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான், 1997 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் விசாகா வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம்.

அந்தச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த நிறுவனமும் உள்ளகப் புகார்க் குழுவை அமைத்தே ஆக வேண்டும். மூத்த பெண் ஊழியர் அதற்குத் தலைமை வகிக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். ஹெச்.ஆர். அதிகாரியிடம் வாயால் சொன்னது புகார் ஆகாது. எனவே அவர் சொன்னதைக் கேட்டு எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். குழுவுக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும், சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம் என்றாலும், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு ஏழு வாரம் போய்விட்டது. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். விசாரணை நடக்கும் காலத்தில் அந்த மேலாளரை வேறு பிரிவுக்கு மாற்றும்படியோ, உங்கள் மகளுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரும்படியோ கேட்கலாம். இந்த விடுப்பு அவளுக்கு வழக்கமாக உள்ள விடுப்பில் கழிக்கப்படாது. அவரை மாற்றச் சொல்லுங்கள் என்பதுதான் என் ஆலோசனை, ஏனெனில் இவளை மாற்றினால் பார்ப்பவர்கள் அதற்கும் ஒரு காரணம் கற்பிப்பார்கள். சமரசம் என்ற பேச்சை அவளாக விரும்பிக் கேட்டால் தவிரக் குழு எடுக்கக் கூடாது. பணம் கொடுத்து முடிப்பதற்கு அதில் இடமே இல்லை. புகாரை நிரூபிக்க முடியாமல் போனாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்றும் சட்டம் சொல்கிறது. இதை உங்கள் மகளிடம் அழுத்திச் சொல்லுங்கள், ஏனெனில் அவளைப் பயமுறுத்த முதலில் சொல்லப்படும் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

இதற்கு இணையாகக் காவல்துறைக்கும் போகலாம். அவர் செய்தது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 74, 75 ஆகிய பிரிவுகளில் வரும் குற்றம். 74-ஆம் பிரிவில் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை உண்டு. பெண் அதிகாரிதான் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டும். போவதா வேண்டாமா என்பதை உங்கள் மகள் முடிவு செய்யட்டும். நீங்களோ உங்கள் கணவரோ, நானோகூட அவளுக்காக முடிவு செய்யக் கூடாது. அன்று அந்த அறையில் அவள் விருப்பத்தைக் கேட்காமல் ஒருவர் நடந்துகொண்டார், வீட்டிலும் அதுவே தொடர வேண்டாம்.

அவள் வாழ்க்கை என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். புகார் கொடுத்த பெண்ணின் பெயரையோ விசாரணை விவரங்களையோ பொதுவெளிக்கோ செய்தித்தாளுக்கோ கொண்டுபோகக் கூடாது என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதையும் மீறி அலுவலகத்துக்குள் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்யும். இல்லை என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றுவதாகும். சில மாதங்கள் அவளுக்குக் கடினமாகவே இருக்கும். ஆனால் உங்கள் கணவர் சொல்கிற வழி எளிதானது என்று நினைக்காதீர்கள். வேலையை விட்டு நிறுத்தினால், தவறு செய்தவர் அதே நாற்காலியில் இருக்க, அவள் தண்டனை அனுபவிப்பாள். அவள் இடத்துக்கு வரும் அடுத்த பெண்ணுக்கும் அதே சாம்பிள் ரூம்தான். அவசரக் கல்யாணம் அதைவிட ஆபத்து. உள்ளே காயத்தோடு, அதைச் சொல்லக் கூடாது என்ற கட்டளையோடு, முன்பின் அறியாத வீட்டுக்குப் போகும் பெண்ணின் நிலைமை என்ன ஆகும் என்பதைக் குடும்ப நீதிமன்றத்தில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நல்ல வரன் என்பது இந்த விஷயம் தெரிந்தாலும் அவளை மதிக்கிற வரன்தான். தெரிந்தால் வேண்டாம் என்று போகிறவர்கள் போகட்டும்.

இன்றைக்கு மாலை அவள் வீட்டில் இருக்கும்போது, நாத்தனாரும் கணவரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். “அன்றைக்கு நான் கேட்டது தப்பு கண்ணு, உன் மேல் எந்தத் தப்பும் இல்லை, நீ என்ன முடிவு எடுத்தாலும் நான் கூட வருகிறேன்” என்று சொல்லுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். “ஆனால்” என்று தொடங்கும் எதையும் சேர்க்க வேண்டாம். அவள் உடனே பேசாமல் இருக்கலாம், எழுந்து போகலாம், உங்கள்மேல் கோபப்படவும் செய்யலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது என்று மறுபடியும் விவரம் கேட்காதீர்கள். அவளாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். தூக்கமின்மை, சாப்பாடு இறங்காமை, திடீரென்று திடுக்கிடுவது போன்றவை இருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு உண்டு. நாத்தனார் அடுத்த முறை அந்தப் பழமொழியைச் சொல்லும்போது, மகள் காதில் விழும்படியாகவே நீங்கள் பதில் சொல்லுங்கள்.

அவள் புகார் கொடுக்க முடிவு செய்தால், வாட்ஸ்அப் செய்திகளில் ஒன்றையும் அழிக்க வேண்டாம். எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான இன்னொருவரின் கைபேசிக்கும் அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு யார் யார் ஓவர்டைம் இருந்தார்கள், அவள் பன்ச் செய்து வெளியே வந்த நேரம், எந்தப் பேருந்தில் வந்தாள், கதவருகே சத்தம் கேட்டது யாருடையதாக இருக்கலாம், ஹெச்.ஆர். அம்மாவிடம் எந்தத் தேதியில் சொன்னாள், அவர் என்ன பதில் சொன்னார் என்பவற்றை நினைவு மங்குவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். அறைக்கு வெளியே வழியில் கேமரா இருந்தால், அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி புகாரிலேயே கேட்க வேண்டும். ஏழு வாரத்தில் அது அழிந்துபோயிருக்கக்கூடும் என்றாலும் கேட்பதை விட வேண்டாம். புகார் ஆறு பிரதிகள் வேண்டும், சாட்சிகளின் பெயர், முகவரியோடு. குழுவின் விசாரணைக்குள் வழக்கறிஞரை அழைத்துச் செல்ல விதிகள் அனுமதிப்பதில்லை. எனவே, எழுதும்போதே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்வது நல்லது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் பெண்களுக்கு இந்த உதவி இலவசமாகவே கிடைக்கும். நிறுவனத்தில் குழுவே இல்லை என்றால் அல்லது புகார் முதலாளிமேலேயே என்றால், மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். அதன் விவரம் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கிடைக்கும். 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். புகாரை வாங்கிக்கொண்டதற்கு முத்திரையோடு ஒப்புகை பெறாமல் அவள் அந்த அறையை விட்டு வெளியே வர வேண்டாம். தர மறுத்தால் அன்றைக்கே அதே புகாரை பெற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் குழுத் தலைவருக்கு அனுப்பிவிடுங்கள்.